ரிசர்வேஷன் கவுண்டரும் பள்ளிக்கூட கம்ப்யூட்டர் ரூமும்

எழுபதுகளில் தில்லிக்கு வேலைக்கு வந்த தமிழர் யாரையாவது பிடித்து, "அந்தக் காலத்துல ஊருக்குப் போக டிக்கெட் எப்படி மாமா எடுத்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கரோல்பாக்கிலும் ஆர்.கே.புரத்திலும் இப்படிக் கேட்பதற்கு மாமாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அரை மணி நேரக் கதை உத்தரவாதம். விடியற்காலையில் போய் வரிசையில் நின்றது, கவுண்டர் மாறி நின்றுவிட்டு மறுபடி முதலிலிருந்து நின்றது, திரும்பி வர டிக்கெட் கிடைக்காமல் லீவை நீட்டித்தது என்று போய்க்கொண்டே இருக்கும்.

கொஞ்ச நாளாக எனக்கு இந்தக் கதையில் ஆர்வம் வந்ததற்குக் காரணம் ரயில் இல்லை, பள்ளிக்கூடம். ஸ்மார்ட் கிளாஸ், டேப்லெட், செயலி, இப்போது செயற்கை நுண்ணறிவு என்று வருஷத்துக்கு ஒரு புதுப் பெயரோடு ஃபீஸ் சீட்டில் ஒரு வரி கூடிக்கொண்டே போகிறது. இதெல்லாம் பிள்ளைகளுக்கு என்ன செய்யும் என்று யோசித்தபோது பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாமே என்று தோன்றியது. போனால் ஒரு சுவாரசியமான விஷயம் கிடைத்தது. நம் நாட்டில் கம்ப்யூட்டர் சாதாரண ஜனங்களுக்கு முன்னால் வந்து நின்றது கிட்டத்தட்ட ஒரே சமயத்தில், இரண்டு இடங்களில். ஒன்று ரயில்வே கவுண்டர், இன்னொன்று பள்ளிக்கூடம். முதலாவது நம் வாழ்க்கையையே மாற்றியது. இரண்டாவது துணி மூடிக் கிடந்தது. ஏன்? அதுதான் இந்தப் பதிவு.

லெட்ஜர் காலம்

கம்ப்யூட்டருக்கு முன்னால் ரிசர்வேஷன் என்பது ஒரு பெரிய பேரேடு. குறிப்பிட்ட வண்டி, குறிப்பிட்ட தேதி, குறிப்பிட்ட வகுப்பு, அதற்கு ஒரு பக்கம். அந்தப் பேரேடு எந்த கவுண்டரில் இருக்கிறதோ அங்கேதான் அந்த டிக்கெட். ஜி.டி. எக்ஸ்பிரஸில் இடம் இல்லை என்றால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கு வேறு வரிசையில் போய் நிற்க வேண்டும். பக்கத்தில் எத்தனை இடம் காலி என்பது உள்ளே இருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். வெளியே நிற்பவருக்கு "இருக்கு", "இல்லை" என்ற பதில்தான். புரோக்கர்கள் பிழைத்தது அந்த மறைவில்தான்.

திரும்பி வருவது அதைவிடக் கஷ்டம். சென்னையிலிருந்து கிளம்பும் வண்டியின் பேரேடு சென்னையில் இருக்கிறது. தில்லியிலிருந்து தந்தி போகும். பதில் வந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் சென்னையில் இருக்கும் மச்சினரோ சித்தப்பாவோ சென்ட்ரலில் போய் நின்று வாங்கி வைக்க வேண்டும். வெளியூரில் குடும்பம் நடத்திய தமிழர்களுக்கு ஊரில் ஒரு சொந்தக்காரர் எவ்வளவு அவசியம் என்பது அந்த வரிசையில்தான் தெரியும்!

1985-ல் தில்லியில் கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் சோதனையாக ஆரம்பித்தது. 1986-ல் முறைப்படி நடைமுறைக்கு வந்தது. மென்பொருள் இம்ப்ரெஸ். செய்தது அப்போது அரசு நிறுவனமாக இருந்த சி.எம்.சி. அடுத்த சில ஆண்டுகளில் மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று பரவியது. இனி எந்த கவுண்டரிலும் எந்த வண்டிக்கும் டிக்கெட். காத்திருப்புப் பட்டியலில் உங்கள் எண் சீட்டிலேயே அச்சாகி வரும்.

ஆனால் ஒன்று. இந்த ஐந்து மையங்களும் முதலில் தனித்தனித் தீவுகள். அவற்றை ஒன்றாகக் கோத்தது கிரிஸ் என்ற ரயில்வேயின் சொந்தக் கம்ப்யூட்டர் அமைப்பு. 1986-ல் தொடங்கியது. அவர்கள் எழுதிய கான்செர்ட் என்ற மென்பொருள் 1994-ல் செகந்திராபாத்தில் ஓட ஆரம்பித்து, 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் இணைந்தன. தில்லியில் உட்கார்ந்துகொண்டு சென்னை - மதுரை டிக்கெட்டையும், திரும்பி வரும் டிக்கெட்டையும் எடுக்க முடிந்தது அதற்குப் பிறகுதான் முழுமையாகச் சாத்தியமானது. அந்த ஐந்து தீவுகளின் அடையாளம் உங்கள் பி.என்.ஆர். எண்ணில் இன்னும் இருக்கிறது. 2 அல்லது 3-ல் ஆரம்பித்தால் தில்லி மையம், 4 அல்லது 5 என்றால் சென்னை. அடுத்த டிக்கெட்டில் பாருங்கள்.

2002 ஆகஸ்டில் இணையத்தில் டிக்கெட் வந்தது. முதலில் பணம் கட்டினால் கூரியரில் சீட்டு வீட்டுக்கு வரும். நாமே அச்சடித்துக்கொள்ளும் இ-டிக்கெட் 2005-ல். மிச்சம் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

பள்ளிக்குப் போன 12,000 பெட்டிகள்

இப்போது இரண்டாவது கம்ப்யூட்டருக்கு வருவோம். 1984-85-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தை ஆரம்பித்தது. பள்ளிகளில் கணினி அறிவு என்பதுதான் நோக்கம். பிரிட்டனிலிருந்து பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டர்கள் வந்தன. மொத்தம் 12,000. சுமார் 2,600 பள்ளிகளுக்குப் போயின. பள்ளிக்கு நாலைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மட்டமான இயந்திரம் என்று சொல்லக் கூடாது. 32 கிலோபைட் நினைவகம், பேசிக் மொழி, டிவி பெட்டியோடு இணைத்தால் ஓடும். அந்த நாளைக்கு அது நல்ல சாமான். பிரிட்டனில் ஒரு தலைமுறை நிரலாளர்கள் அதில்தான் கை பழகினார்கள். ஆனால் அங்கே பிபிசி கம்ப்யூட்டரை மட்டும் கொடுக்கவில்லை. 1982-ல் தொலைக்காட்சித் தொடர் ஓடியது, புத்தகம் வந்தது, அவர்களுடைய பாடத்திட்டத்துக்கு ஏற்ற மென்பொருள்கள் வந்தன. நமக்கு வந்து சேர்ந்தது முக்கியமாகப் பெட்டி. பல மொழிகளில் பாடம் நடக்கும் நாட்டுக்கு ஆங்கில மென்பொருள். ஆசிரியருக்குச் சில வாரப் பயிற்சி. பரீட்சையில் மார்க் கிடையாது. ரிப்பேர் ஆனால் பார்க்க ஆள் பக்கத்தில் இல்லை.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்த அறை நினைவிருக்கும். பள்ளியிலேயே ஏ.சி. போட்ட ஒரே அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டருக்கு ஒரு துணி உறை. வாரத்துக்கு ஒரு பீரியட், ஒரு கம்ப்யூட்டருக்கு ஏழெட்டுப் பேர். முன்வரிசைப் பையன் விசையைத் தட்டுவான், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஆயுத பூஜைக்கு மட்டும் சந்தனம், குங்குமம், முழு மரியாதை.

1993-க்குப் பிறகு எட்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் பணம் ஒதுக்கித் திட்டத்தைத் தொடர்ந்தார்கள். 2004 டிசம்பரில் 'பள்ளிகளில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்' என்ற புதிய திட்டம் வந்தது. பெயர் மாறியது, பெட்டி மாறியது. பல பள்ளிகளில் அறையின் பூட்டு மட்டும் மாறவில்லை.

என்ன வித்தியாசம்?

நான் சாஃப்ட்வேரில் பிழைப்பவன் என்பதால் எனக்கு இது எங்கள் தொழில் பார்வையில்தான் புரிகிறது. எங்கள் வேலையில் முதல் கேள்வி, "இது யாருடைய எந்தக் கஷ்டத்தைத் தீர்க்கப் போகிறது?" என்பது.

ரயில்வேயில் அதற்குப் பதில் தெளிவாக இருந்தது. வரிசை. தினமும் கண்ணுக்கு முன்னால் நிற்கும் வரிசை. கோட்டா, சலுகை, வகுப்பு என்று எத்தனையோ விதிகள். அவற்றை எல்லாம் உட்கார்ந்து படித்து மென்பொருளில் ஏற்றினார்கள். முக்கியமாக, கவுண்டரில் இருந்த கிளார்க்கை எழுப்பி அனுப்பிவிடவில்லை. பேரேட்டை எடுத்துவிட்டு அதே ஆளின் முன்னால் திரையை வைத்தார்கள். இத்தனை வருஷ அனுபவமும் கம்ப்யூட்டரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தன. வேலை செய்யவில்லை என்றால் பத்து நிமிஷத்தில் வரிசையில் இருப்பவர்கள் சத்தம் போட்டுவிடுவார்கள். அதைவிடப் பெரிய தணிக்கை எது?

பள்ளியில் கம்ப்யூட்டர் எந்தக் கஷ்டத்தைத் தீர்க்க வந்தது? நாற்பத்தைந்து பிள்ளைகளில் பின்னம் புரியாத பத்துப் பேரைக் கண்டுபிடிக்கவா? நூலகம் இல்லாத ஊரில் புத்தகம் காட்டவா? யாரும் சொல்லவில்லை. "எதிர்காலம் கம்ப்யூட்டரில்தான்" என்றார்கள். அது உண்மைதான். ஆனால் எதிர்காலம் என்பது செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் ஆசிரியர் என்ன செய்வது என்பதற்குப் பதில் இல்லையே. கிளார்க்கைப் போல ஆசிரியர் அந்த இயந்திரத்தின் எஜமானர் ஆகவில்லை, காவல்காரர் ஆனார். சாவி அவரிடம். உடைந்தால் பொறுப்பு அவருடையது. பூட்டி வைப்பதுதானே புத்திசாலித்தனம்?

சுவரில் ஓர் ஓட்டை

"அப்படியானால் ஆசிரியரே வேண்டாமே, பிள்ளைகளிடம் நேராகக் கொடுத்துவிடலாமே" என்று ஒருவர் நினைத்தார். இதுவும் எங்கள் தில்லியில் நடந்ததுதான். 1999 ஜனவரி 26. கால்காஜியில் என்ஐஐடி அலுவலகத்தை ஒட்டி ஒரு குடிசைப் பகுதி. சுகதா மித்ரா நடுவிலிருந்த சுவரில் ஓட்டை போட்டு, குடிசைப் பக்கம் பார்த்தபடி ஒரு கம்ப்யூட்டரை வைத்தார். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. குழந்தைகள் தாங்களாகவே சுட்டியைப் பிடித்து, இணையத்தில் உலாவி, ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துக் கொண்டார்கள். உலகமே வியந்தது. 2013-ல் டெட் பரிசாகப் பத்து லட்சம் டாலர் மித்ராவுக்குக் கிடைத்தது.

இதற்கு இரண்டு பின்கதைகள் உண்டு. ஒன்று, 2010-ல் பாயல் அரோரா என்ற ஆய்வாளர், உத்தராகண்டில் அல்மோரா, ஹவால்பாக் என்ற இரண்டு ஊர்களில் இதே மாதிரி வைத்த கம்ப்யூட்டர்கள் என்ன ஆயின என்று எழுதினார். அவை செயல்படவே இல்லை. ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே சரியாக நினைவில்லை.

இன்னொன்று நம் தமிழ்ப் பிள்ளைகளின் கதை. புதுச்சேரி பக்கம் காளிகுப்பம் என்ற கடலோரக் கிராமம். தமிழ் மட்டுமே பேசும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் இருக்கும் மூலக்கூறு உயிரியலைத் தாங்களாகவே கற்க முடியுமா என்று மித்ரா சோதித்துப் பார்த்தார். சில மாதங்களில் தேர்வில் சுமார் 30 சதவீதம் எடுத்தார்கள். அதுவே ஆச்சரியம்தான். அப்புறம் அந்த விஷயமே தெரியாத, ஆனால் பிள்ளைகளுக்குப் பிடித்த ஓர் இளம்பெண்ணை அவர்கள் பின்னால் நிற்கச் சொன்னார். "அட, இது எப்படிச் செஞ்சே? எனக்கும் காட்டேன்" என்கிற மாதிரி ஆச்சரியப்படுவது மட்டும்தான் வேலை. நம் பாட்டிகள் செய்வதுதான். மதிப்பெண் சுமார் 50 சதவீதம் ஆனது.

ஆள் வேண்டாம் என்று ஆரம்பித்த ஆய்விலேயே, ஓர் ஆள் பக்கத்தில் வந்து நின்றதும் இருபது சதவீதம் கூடியது! எனக்கு இந்த மொத்த வரலாற்றிலும் மிகப் பிடித்த இடம் இதுதான்.

சரியாகச் செய்தவர்கள்

பக்கத்து மாநிலத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பு. கேரளம் 2001-ல் ஐடி@ஸ்கூல் என்ற திட்டத்தை ஆரம்பித்தது. அவர்கள் முதலில் பிடித்தது ஆசிரியர்களை. பள்ளி ஆசிரியர்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மென்பொருள் கட்டற்ற லினக்ஸ். உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டாம், மலையாளத்தில் மாற்றிக்கொள்ளலாம். 2005-ல் அப்துல் கலாம் தொடங்கிவைத்த விக்டர்ஸ் கல்வி சேனல் இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. 2017-ல் இந்தத் திட்டமே கைட் என்ற அரசு நிறுவனமாக மாறி, 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளுக்குக் கணினி வசதி செய்தது. கவனியுங்கள், தனி கம்ப்யூட்டர் ரூமுக்கு இல்லை, வகுப்பறைக்கு. ரயில்வே செய்ததும் இதுதானே? வேலை நடக்கும் இடத்தில், வேலை செய்பவர் கையில்.

நகரத்தில் ஆள் காணாமல் போன கதை

நகர வாழ்க்கையிலும் நன்றாக நடந்த விஷயங்களில் எல்லாம் நடுவில் ஓர் ஆள் இருந்தார். 1984-ல் சி-டாட் ஆரம்பித்து, டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் பரவின. நாம் பார்த்தது எக்ஸ்சேஞ்சை இல்லை, மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத்தை. ராத்திரி கட்டணம் குறையும் நேரத்துக்காகக் காத்து நின்று, அம்மாவிடம் பேசிக்கொண்டே மீட்டரைப் பார்த்த ஞாபகம் யாருக்குத்தான் இல்லை? பூத்காரர் நம்பர் போட்டுத் தருவார், சில்லறை இல்லை என்றால் நாளைக்குக் கொடுங்கள் என்பார். ஹைதராபாதில் 1999-ல் ட்வின்ஸ் என்ற பெயரில் சோதித்து, 2001-ல் ஈ-சேவா வந்தது. கரண்டு பில், தண்ணீர் பில், வரி எல்லாம் ஒரே கவுண்டர். 2005-ல் பெங்களூர் ஒன். இங்கேயும் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் ஆள்.

பிறகு கவுண்டர் நம் கைக்குள் வந்தது. நமக்கு வசதி. மறுக்கவில்லை. ஆனால் நடுவில் இருந்த ஆள் போனதும் என்ன ஆகும் என்பதை 2021-ல் பார்த்தோம். அந்த மே மாதம் 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்குத் தடுப்பூசி போட, கோவின் தளத்தில் முன்பதிவு கட்டாயம் என்று ஆரம்பித்தார்கள். வேகமான இணையமும் வேகமான விரலும் உள்ளவர்களுக்கு இடம் கிடைத்தது. நகரத்து ஆட்கள் பக்கத்துக் கிராம மையங்களுக்குக் காரில் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள். அந்தக் கிராமத்துக்காரர் வேடிக்கை பார்த்தார். மே 24-ல் அரசு மையங்களில் நேரில் வந்து பதிவு செய்யவும் அனுமதித்தார்கள். அதாவது, மறுபடி ஓர் ஆளை உட்கார வைத்தார்கள்.

2020: வீடே பள்ளி

பள்ளிகள் மூடிய 2020-ல் இரண்டு கதைகளும் ஒன்று சேர்ந்தன. கிராமப்புறக் குடும்பங்களைப் பார்க்கும் ஏஸர் ஆய்வின்படி, 2018-ல் 36.5 சதவீத வீடுகளில் இருந்த ஸ்மார்ட்போன், 2021-ல் 67.6 சதவீதமாக ஏறியது. மூன்று வருஷத்தில் இவ்வளவு வேகமாக வேறு எந்த அரசுத் திட்டமும் பெட்டியைக் கொண்டு சேர்த்ததில்லை. ஜனங்கள் தங்கள் காசில் வாங்கினார்கள். ஆனால் போன் இருந்த வீடுகளிலேயே கால்வாசிக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கைக்கு அது வரவில்லை. அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றால் பள்ளியும் அவரோடு போய்விடும்.

நம்மைப் போன்ற வீடுகளில் என்ன நடந்தது? கருவி இருந்தது, இணையம் இருந்தது, ஆசிரியர் திரையில் ஒரு சின்னக் கட்டத்தில் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து "நோட்டை எடு, இதை எழுது" என்றது யார்? பெரும்பாலும் அம்மா. தன் ஆபீஸ் வேலையையும் பார்த்துக்கொண்டு. எந்தக் கணக்கிலும் வராத அந்த உழைப்பு இல்லாவிட்டால் ஆன்லைன் வகுப்பு ஒரு வாரம் தாங்கியிருக்காது. ஊரில் பாட்டி தாத்தா துணை இருந்தவர்களுக்காவது ஒரு கை கிடைத்தது. வெளியூரில் தனிக்குடித்தனம் இருந்தவர்கள் பட்ட பாடு நமக்குத்தான் தெரியும்.

2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' ஆரம்பித்தது. விட்டுப்போன படிப்பைச் சரிசெய்ய அவர்கள் கண்ட வழி, தெருவுக்குத் தெரு தன்னார்வலர்கள். மாலையில் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பாடம். லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் சேர்ந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். நாற்பது வருஷம் இயந்திரங்களை முயன்று பார்த்த பிறகு, காளிகுப்பத்தில் பிள்ளைகள் பின்னால் நின்ற அந்த இளம்பெண்ணிடம்தான் வந்து சேர்ந்தோம்.

அதனால்?

கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சோறு போடுவதே அதுதான். பேரேட்டுக் காலத்துக்குத் திரும்பச் சொன்னால் முதலில் ஓடுபவன் நான். ஆனால் இந்த வரலாறு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. பெட்டி வாங்குவது சுலபமான செலவு. திறப்பு விழா வைக்கலாம், போட்டோ எடுக்கலாம், ஃபீஸில் சேர்க்கலாம். பக்கத்தில் நிற்கும் ஆளைத் தயார் செய்வதுதான் உண்மையான செலவு. அதைத்தான் ஒவ்வொரு முறையும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

எனவே அடுத்த பெற்றோர் கூட்டத்தில் "எத்தனை ஸ்மார்ட் போர்டு இருக்கு?" என்று கேட்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்தப் பாடத்தில் பிள்ளைகளின் எந்தக் கஷ்டத்தைத் தீர்க்கிறது? ஆசிரியருக்கு எத்தனை நாள் பயிற்சி, யார் கொடுத்தார்கள்? கரண்டோ நெட்டோ இல்லாத அன்று வகுப்பு எப்படி நடக்கும்? இதற்குப் பதில் இருந்தால் தாராளமாகப் பணம் கட்டலாம்.

வீட்டுக்கும் இதே விதிதான். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கத் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. இப்போது அது தமிழ் இணையக் கல்விக்கழகம். பாடம், நூலகம், அகராதி எல்லாம் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் "இந்தா, போய்ப் படி" என்று மடிக்கணினியைக் கொடுத்துவிட்டு நாம் டிவி பக்கம் போனால், அது 1985-ல் துணி மூடி வைத்த பிபிசி மைக்ரோவுக்குச் சமம். தினமும் இருபது நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து, "அட, இதை எப்படிப் படிச்சே?" என்று கேளுங்கள். அந்தப் பாடம் உங்களுக்கே தெரியாவிட்டாலும் பரவாயில்லை.